ஒரு ரூபாய் பெறப்பட்டது

"ஒரு ரூபாய் பெறப்பட்டது."

கஸ்தூரியின் இட்லி வண்டியில் தொங்கும், பணம் வந்தால் அறிவிக்கும் அந்தச் சின்னப் பெட்டி சொன்னது. காலை எட்டரை மணி. வண்டிக்கு முன்னால் நான் ஒருத்தன்தான் நின்றிருந்தேன். கையில் தட்டு. போன் சட்டைப் பையில். நான் இன்னும் காசு கொடுக்கவில்லை.

பின்னே யார் கொடுத்தது?

சுற்றிப் பார்த்தேன். இந்தப் பக்கம் கம்பெனி காம்பவுண்டுச் சுவர். அந்தப் பக்கம் ரோடு. ரோட்டில் வழக்கம்போல கன்டெய்னர் லாரிகள், ஒன்றின் முதுகை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லை.

"யாரும்மா அந்த வள்ளல்? ஒரு ரூபாய்க்கு இன்னா குடுப்பே, சட்னி மட்டுமா?" என்று கேட்டேன்.

கஸ்தூரி சிரிக்கவில்லை. மாவுக் கரண்டி இட்லித் தட்டின் மேலேயே நின்றுவிட்டது. ஒரு குழி நிரம்பி வழிந்து அடுத்த குழிக்குப் போனது. அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்தது லாரிகளை. ஒவ்வொரு லாரியின் முன்கண்ணாடியாக... வரிசையாக...

அந்த வெயிலில் கண்ணாடிக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. வெளிச்சம் மட்டும்தான் திருப்பி அடிக்கும்.

"இன்னாம்மா?" என்றேன்.

"ஒண்ணும் இல்லண்ணா. நீ துன்னு."

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. முப்பது வருஷம் லேத்தில் இரும்பு கடைந்தவன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என்னைப் படிக்கிற உங்களுக்கு அது தெரியும். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன் — போன மாதம் ஆரம்பித்த இந்த விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருக்கிறது. பயம். அறுபது வயதுக்காரன் ஒரு ரூபாய்க்குப் பயந்தேன் என்றால் நம்புவீர்களா?

முதலில் கஸ்தூரியின் வியாபாரம் எப்படி என்று சொல்ல வேண்டும். எர்ணாவூர் தாண்டி, துறைமுகத்துக்குப் போகிற ரோட்டோரம் அவள் வண்டி. உள்ளே போக லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். டிரைவர் இறங்கிச் சாப்பிடப் போக முடியாது. வரிசை நகர்ந்து, சீட்டில் ஆள் இல்லை என்றால் பின்னால் இருப்பவன் முந்திக்கொண்டு போய்விடுவான். பசியோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கஸ்தூரி ஒரு வேலை செய்தாள். தன் க்யூஆர் கோடைச் சின்ன அட்டையில் அச்சடித்து, லேமினேட் பண்ணி, டிரைவர்களுக்குக் கொடுத்தாள். அவர்கள் அதை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்புவார்கள். கூடவே குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது இல்லையா? அதில் லாரி நம்பரின் கடைசி நாலு எண்ணையும், என்ன வேண்டும் என்பதையும் தட்டுவார்கள். ‘4417, நாலு இட்லி, ஒரு வடை.’ அவ்வளவுதான். கஸ்தூரி பொட்டலம் கட்டி, கூடையில் வைத்து, வரிசையோரமாக நடந்து போய் ஜன்னல் ஜன்னலாகக் கொடுப்பாள். அதுவரை வண்டியைச் சாப்பிடுகிறவர்கள் யாராவது பார்த்துக்கொள்வோம்.

பணம் அனுப்பும்போது நீங்களும் நானும் கண்டுகொள்ளாத அந்தக் கட்டம்தான் அவளுக்கு ஆர்டர் புத்தகம். ஒன்று விடாமல் படித்தே ஆக வேண்டும். படிக்காவிட்டால் வியாபாரம் இல்லை.

நான் கை கழுவிவிட்டு வந்தபோது கஸ்தூரி போனை என் பக்கம் திருப்பினாள்.

"படிண்ணா. நானா நெனச்சுக்கறதா, இல்ல நெசமாவே கீதான்னு எனக்கே தெரியல."

அன்றைய ஒரு ரூபாயின் கீழே இருந்தது:

‘நீலப் பொடவ. நல்லாகீது.’

அவள் நீலப் புடவைதான் கட்டியிருந்தாள்.

மேலே தள்ளினாள். இன்னொரு ஒரு ரூபாய். ‘சட்னி தண்ணி இன்னிக்கு.’ இன்னொன்று. ‘லெஃப்ட் கைல வளையல் காணோம்.’ இன்னொன்று. ‘கால் நொண்டறே. முள்ளா?’

ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரில் வந்திருந்தது; போனில் பாதிப் பெயர்தான் தெரிந்தது. ஒரே பெயர் இரண்டு முறை வரவில்லை.

"யாரும்மா இது?"

"அவன்தான்."

அவன் என்றால் அவள் புருஷன். வியாசர்பாடியில் இருந்தபோது அவள் இடது கையை இரண்டு இடத்தில் உடைத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், உடுத்திய துணியோடு மகளைக் கூட்டிக்கொண்டு அவள் எர்ணாவூர் குடியிருப்புக்கு வந்துவிட்டாள். சிம் மாற்றினாள். சொந்தக்காரர்கள் ஒருத்தரிடமும் முகவரி சொல்லவில்லை. மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள். இரண்டு வருஷம் அவன் நிழல்கூடப் படவில்லை.

ஆனால் அவன் லாரி ஓட்டுகிறவன். அட்டைதான் ஊரில் உள்ள லாரியில் எல்லாம் ஒட்டியிருக்கிறதே... அவள் பெயரோடு.

"திட்டி எழுதிக்கிறானா? மெரட்டறானா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. அவன் எப்பவும் மெரட்ட மாட்டான். மொதல்ல பொடவ நல்லாகீதும்பான். அப்புறம் வளையல் எங்கேம்பான். அப்புறம் யாருக்காகக் கட்டிகினேம்பான்." இடது கையைத் தடவிக்கொண்டாள். "நாலாவதா பேசமாட்டான்."

நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் தினமும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வரிசை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே நின்று, தலையைத் தூக்கி, கையை நீட்டுகிறாள். மேலே யார் இருக்கிறார்கள்? சீட்டுக்குப் பின்னால் ஆள் படுக்கிற இடம் வேறு இருக்கிறது. அங்கே ஒருத்தன் படுத்துக்கொண்டு பார்த்தால் கீழே நிற்பவளுக்கு எப்படித் தெரியும்?

"பேங்க்ல சொன்னியா?"

"போனேனே. ‘ஒரு ரூபா வருது, போகல இல்ல? வந்தத வேணான்னு எப்டிம்மா சொல்றது’ன்னாங்க. ‘அந்தக் கட்டத்துல எழுதறத எல்லாம் யாரும் படிக்கிறதில்ல, நீங்களும் படிக்காதீங்க’ன்னாங்க."

"அட்டைய மாத்தேன்."

"எத்தினி வண்டிண்ணா? பழசுல துட்டு போடறவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது? புதுசும் மறுநாளே அவன் கைக்குப் போய்டும்."

சாப்பிட்டதற்குக் காசை நோட்டாகக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பெட்டி பேசுவதை அன்று இன்னொரு தரம் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

ராயபுரத்தில் சேவியர் என்று எனக்கு ஒரு கூட்டாளி. மீன் வியாபாரம். பேத்தி காதுகுத்துக்கு அவன்தான் வஞ்சிரம் எடுத்துக் கொடுத்தான். பதினோராயிரம் ரூபாய். கஸ்தூரி போனைக் காட்டிய அதே வாரம் அவனுக்குப் பணம் அனுப்பினேன். அனுப்பும்போது அந்தக் கட்டத்தில் சும்மா இருக்க முடியாதே நமக்கு? நானும் அவனும் வருஷக்கணக்கில் இப்படித்தான். துறைமுகம் பக்கத்தில் பிறந்தவன் எவன் கடத்தல் ஜோக் அடிக்காமல் இருந்திருக்கிறான்? இங்கிலீஷிலேயே, கெத்தாகத் தட்டினேன் — ‘ஸ்மக்ளிங் கோல்டு. ஹார்பர். செகண்ட் பேமென்ட்.’

மறுநாள் மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரைக்குப் பணம் போகவில்லை. பெட்ரோல் பங்கிலும் போகவில்லை. கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், கிளைக்கு வரவும் என்று மெசேஜ். சேவியர் கணக்கும் நின்றுபோனது. போனில் கத்தினான்.

"டேய் மாமு! உன் ஜோக்கால மூணு நாளா ஏலத்துல கையக் கட்டிகினு நிக்கறேன்டா! தங்கமாம் தங்கம்! அடுத்த வாட்டி உனுக்கு மத்தி மீன் தலதான்டா!"

தப்பு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன். அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டது என் வாய்க் கொழுப்புதான்.

கிளைக்குப் போனேன். கஸ்தூரிக்கும் அதே கிளைதான். ஒரு இளம்பெண் அதிகாரி என்னை உள் அறையில் உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார். மேஜையில் ஒரு கட்டுத் தாள். என் கணக்கு. நாலு வருஷத்துக்கு. அங்கங்கே மஞ்சள் கோடு.

"சார், ஒவ்வொண்ணா கேக்குறேன். விளக்கம் சொல்லுங்க. ‘பொணம் தூக்கின கூலி, ரெண்டு ஆள்.’"

"ஃப்ரிட்ஜும்மா. பழைய ஃப்ரிட்ஜ். மூணாவது மாடிக்குத் தூக்கினாங்க."

எழுதிக்கொண்டார்.

"‘ஆளை முடிச்சாச்சு, மிச்சப் பணம்.’"

"எலி... எலி பிடிக்க வந்தவருக்கு."

எழுதிக்கொண்டார்.

"‘வெளியே சொன்னா நீயும் காலி.’"

"அது என் மச்சான். பொண்டாட்டிக்குத் தெரியாம சீட்டுப் பணம் குடுத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. குரல் ஒரே மட்டத்தில் போனது. ஏசி ஓடுகிற சத்தம். என் ஜோக்குகள் ஒவ்வொன்றாக அந்த அறைக்குள் வந்து நின்றன. எழுதும்போது நானும் சேவியரும் விழுந்து விழுந்து சிரித்தவை. சிரிப்பை உருவிவிட்டால் என்ன மிச்சம்? அந்தத் தாளில் ஒரு ஆள் இருந்தான். நாலு வருஷமாக ஆட்களை முடிக்கிறான், பிணம் தூக்குகிறான், மிரட்டுகிறான். அவனுக்கு என் பெயர். என் கணக்கு எண். தெருவில் எதிரே வந்தால் நானே ஒதுங்கிப் போவேன்.

தாளை அவர் பக்கமே தள்ளி வைத்தேன்.

‘மேற்படி வாசகங்கள் அனைத்தும் விளையாட்டாக எழுதப்பட்டவை’ என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். எழுந்திருக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது.

"ஏம்மா... அந்தக் கட்டத்துல எழுதறத யாரும் படிக்கிறதில்லன்னு இதே பேங்க்ல சொன்னாங்களே?"

"நாங்க படிக்கல சார். சிஸ்டம் படிக்குது. சில வார்த்தைகள் இருந்தா எடுத்துக் காட்டும். அதுக்கப்புறம்தான் நாங்க பழசை எல்லாம் எடுத்துப் பார்ப்போம்."

"‘நீலப் பொடவ நல்லாகீது’ன்னு இருந்தா காட்டுமா?"

"என்ன சார்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, லாரி, ஒரு ரூபாய், வளையல். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கெட்ட வார்த்தை இருக்கா?"

"இல்ல."

"கொன்னுடுவேன், வெட்டுவேன்... அந்த மாதிரி?"

"இல்ல."

"அப்போ சிஸ்டத்துக்கு அது டிபன் ஆர்டர் மாதிரிதான் சார் தெரியும்."

அங்கேதான் கத்தினேன். கதவு சாத்தியிருந்தும் வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவன் தங்கம் என்று எழுதினால் மறுநாள் காலையில் பூட்டு. ஒருத்தன் ஒரு பெண்ணைத் தினமும் உட்கார்ந்து உற்றுப் பார்க்கிறான், பார்த்ததை எழுதி அனுப்புகிறான், அதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பது இந்த பேங்க், கொடுத்ததும் பெட்டி சத்தம் போட்டு வேறு கூப்பிடுகிறது — அதற்குப் பூட்டு இல்லையா? அப்புறம் என்ன இழவுக்கு இத்தனை கம்ப்யூட்டர்?

அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கியதும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சார், அவங்க கணக்கு. அவங்க வந்து கேட்டா ஸ்டேட்மென்ட் குடுப்பேன். யார் பேர்ல வந்துச்சு, எப்போ, என்ன எழுதியிருந்துச்சு, எல்லாம் இருக்கும். சீல் வெச்சுத் தர்றேன். கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுத்தா மேல அனுப்புறேன். மேல என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா போலீசுக்குப் போனா அந்தப் பேப்பர் வேணும். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

அன்று மத்தியானமே கஸ்தூரியைக் கூட்டிப் போனேன். கம்ப்ளெய்ன்ட் எழுதிக் கொடுத்தாள். பேப்பர் வந்தது. நாற்பத்து மூன்று வரி. நாற்பத்து மூன்று ஒரு ரூபாய்.

கஸ்தூரி விரலை வைத்து முழுப் பெயர்களையும் படித்துக்கொண்டே போனாள். நடுவில் விரல் நின்றது.

"ண்ணா... இது முருகேசண்ணன். இது பாஷா பாய். இவரு ரெட்டில்ஸ்காரரு, செங்குன்றத்துல கீறவரு. எல்லாம் என்கிட்ட துன்றவங்க." என்னைப் பார்த்தாள். "எல்லாருமாண்ணா?"

போலீசில் யார் பெயரைச் சொல்வது? வரிசையில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? இத்தனை நாளும்? நாலு இட்லி வாங்கிய கையாலேயே?

மறுநாள் காலை நான் வண்டியில்தான் இருந்தேன். எட்டு மணிக்குப் பெட்டி பேசியது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். முணுமுணுப்பாக வந்தது.

"ஒரு ரூபாய் பெறப்பட்டது."

அவள் போனைத் தொடவில்லை. நான் எடுத்தேன். படித்தேன். சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

‘பாப்பா ரெட்ட ஜட. பஸ்சு ஏறிடிச்சு.’

மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். டீச்சர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வகுப்பில்தான் இருக்கிறாள் என்று சொல்லும்வரை தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். அடுப்பை அணைத்தாள். அடுக்கியிருந்த தட்டுகளைச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

"இன்னா பண்றே?"

"கெளம்பறேண்ணா. வேற ஊரு. வூடு எங்கன்னு அவனுக்கு இன்னும் தெரியல. தெரியறதுக்குள்ள போய்டணும்."

"எந்த ஊருக்கு?"

"லாரி வராத ஊருக்கு."

அப்படி ஒரு ஊர் இருக்கிறதா?

"அர மணி நேரம் குடு" என்று சொல்லிவிட்டு, சீல் வைத்த பேப்பரை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். முதலில் கண்ணில் பட்டது பாஷா பாய். வயதில் என்னைவிட நாலைந்து குறைவு. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னா நைனா, இன்னிக்கு நீ டிபன் சப்ளையா?" என்று சிரித்தார்.

"கஸ்தூரிக்கு ஒரு ரூபாய் அனுப்பிக்கிறியே பாய், எதுக்கு?"

"ஒரு ரூபாயா? நானா? நாப்பது ரூபாய்க்குக் கொறஞ்சு நான் துன்னதே இல்லியே!" பேப்பரைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "ஆங்... அது நான் இல்லப்பா. ஒருத்தன் வந்தான். தொப்பி போட்டுகினு. ‘பாய், நெட்டு போச்சு, டிபன் சொல்லணும், போன் குடு’ன்னான். குடுத்தேன். சின்னத் துட்டுக்கு பின் நம்பர்கூட கேக்காதே. லைன்ல நிக்கறப்ப ஒருத்தன் போன் கேட்டா குடுக்கறதுதான நைனா?"

"அவன் உன் போன்லேர்ந்து இன்னா எழுதினான்னு தெரியுமா?"

படித்துக் காட்டினேன். ‘லெஃப்ட் கைல வளையல் காணோம்.’ அதன் எதிரே அவர் பெயர்.

பாஷா பாய் கேபினை விட்டு இறங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் பேர்லயா...?" என்றார். "எனக்கு மூணு பொண்ணு கீது நைனா."

முருகேசன் அதையே சொன்னான். ரெட்டில்ஸ்காரரும் அதையே சொன்னார். தொப்பி. நெட் போச்சு. டிபன் சொல்லணும். ஆனால் எந்த லாரி என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஏனென்றால், முருகேசன் சொன்னபடி, அவன் ஆக்டிங் டிரைவர் — யாராவது லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் வந்து ஓட்டுகிறவன். இன்று ஒரு வண்டி. நாளை வேறொரு வண்டி. எங்கே இருக்கிறான் என்று சொல்ல முடியாது. எங்கேயும் இருக்கலாம்.

பாஷா பாய்தான் எழுந்து கஸ்தூரியிடம் வந்தார். சாக்கைப் பார்த்தார். அதிலிருந்து தட்டுகளை எடுத்துத் திரும்ப வண்டியில் வைத்தார்.

"தங்கச்சி, நீ ஏன் போறே? பொட்டி சவுண்ட ஃபுல்லா வையி."

"இன்னா பாய் சொல்றே?"

"நெசமா பசிக்கறவன் எவனும் ஒரு ரூபா அனுப்ப மாட்டான். ஒரு ரூபான்னு பொட்டி சொன்னா, பக்கத்துல கீறவன் ரெண்டு ஆரன் அடிப்பான். அத்தக் கேட்டு அடுத்தவன் அடிப்பான். கடேசி வண்டி வரிக்கும் போவும். எல்லாரும் கதவத் தொறந்து எறங்கணும். மீதிய நாங்க பாத்துக்கறோம். பாப்பாவ ஸ்கூலுக்கு முருகேசன் சம்சாரம் கூட்டினு போவட்டும்."

கஸ்தூரி சாக்கைக் கீழே போட்டாள். பிறகு பெட்டியின் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள், அது இதற்கு மேல் போகாது என்று நிற்கிற வரைக்கும்.

நாலு நாள் ஒன்றும் வரவில்லை. போன் கேட்டும் யாரும் வரவில்லை. விஷயம் அவன் காதுக்குப் போய்விட்டது என்று நினைத்தோம். போய்த்தான் இருந்தது.

ஐந்தாம் நாள். வெயில் ஏறிவிட்டது. நானும் இன்னும் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒரு ரூபாய் பெறப்பட்டது."

முழுச் சத்தத்தில், ரோடு முழுக்கக் கேட்டது. கஸ்தூரி இந்தத் தடவை போனை எடுத்தாள். அதில் யார் பெயரும் கடன் வாங்கப்படவில்லை. அவன் பெயரே இருந்தது. கீழே:

‘எல்லார்ட்டயும் சொல்லிட்டியா.’

எதிரே நின்ற ஒரு வண்டி இரண்டு ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. சத்தம் வரிசையோடு ஓடி, வளைவு தாண்டி, தேய்ந்து போயிற்று. பிறகு கதவுகள் திறக்கும் சத்தம். டப்... டப்... டப்... ஒவ்வொரு கேபினிலிருந்தும் ஒரு ஆள் இறங்கினான். லுங்கியோடு, துண்டோடு, பல் விளக்கிய பிரஷ்ஷோடு. இறங்கி அவரவர் வண்டிப் பக்கத்தில் நின்று, முன்னும் பின்னும் பார்த்தார்கள்.

அந்த ரோட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

ஒரு வண்டியின் கதவு மட்டும் திறக்கவில்லை.

எங்கேயோ தூரத்தில் இல்லை. இட்லி வண்டிக்கு நேர் எதிரே. முப்பது அடி. வெள்ளை கேபின். கண்ணாடியில் வெயில். அன்று காலை முழுக்க நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறேன்.

பாஷா பாய் போய் அதன் பம்பர் முன்னால் நின்றார். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. வரிசையில் நிற்கிற வண்டி எங்கே ஓடும்? கஸ்தூரி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாள். எப்போதும் போல ஜன்னலுக்குக் கீழே நின்று தலையைத் தூக்கினாள். கையில் கூடைக்குப் பதிலாக அந்தப் பேப்பர். கண்ணாடி நாலு விரல் கீழே இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு சாதாரணக் குரல். கோபமே இல்லாத குரல்.

"இன்னா கஸ்தூரி... நல்லாகீறியா?"

நான் ரோட்டைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

அவள் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பாஷா பாயிடம் பேசினாள். அவர் கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்தார். நாலைந்து பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் எறங்க வேணாம் பாய். யாரும் கை வைக்காதீங்க. போலீஸ் வர்ற வரிக்கும் அங்கயே குந்தினு இருக்கட்டும். எல்லாரும் அவனயே பாத்துகினு இருங்க."

நான் போலீசுக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரம். முப்பது நாற்பது பேர் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடி ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டான். அப்போதும் பார்த்தார்கள்.

போலீஸ் வந்தது. சீல் வைத்த பேப்பர் கஸ்தூரி கையில் இருந்தது. வாக்குமூலம் கொடுக்க முருகேசனும், பாஷா பாயும், ரெட்டில்ஸ்காரரும், நானும் போனோம். போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தேன். கேஸ் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கிறான். எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. கஸ்தூரிக்கும் தெரியாது.

பேங்க் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பதில் வந்திருக்கிறது. அவளுக்கு: ‘தாங்கள் குறிப்பிட்ட பரிவர்த்தனைகளை ஆய்வு செய்தோம். ஆட்சேபகரமான சொற்கள் எதுவும் காணப்படவில்லை.’ எனக்கு: ‘எதிர்காலத்தில் இத்தகைய சொற்களைத் தவிர்க்கவும்.’

தவிர்த்துவிட்டேன் ஐயா. சொல்லைத்தானே தேடுகிறீர்கள்? சொல் என்னிடம் இருந்தது, கத்தி அவனிடம் இருந்தது. வார்த்தையில் ரத்தம் இருந்தால்தான் உங்கள் கம்ப்யூட்டர் முழித்துக்கொள்ளும் என்றால், ‘நீலப் புடவை’ என்று எழுதத் தெரிந்தவன் அத்தனை பேரும் உங்களிடம் நல்லவன்தான். அந்த இளம்பெண் அதிகாரி ஒருத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்தாரே... அதை எந்த சிஸ்டமும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது.

கஸ்தூரி ஊரை விட்டுப் போகவில்லை. வண்டி அதே இடத்தில் இருக்கிறது. பெட்டி முழுச் சத்தத்தில் இருக்கிறது.

நேற்று காலை போனேன். சாப்பிட்டு முடித்து, அவள் கண்ணெதிரேதான் நாற்பது ரூபாய் அனுப்பினேன். நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். பெட்டி வாயைத் திறந்ததும் கரண்டி நின்றது. "நாற்பது ரூபாய்" என்று அது சொல்லி முடித்த பிறகுதான் மாவு ஊற்றினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

குறிப்பில் ‘இட்லி’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள்.